நாலாவது சீட்

டோம்பிவிலி

காலை ஏழு மணி தாண்டிவிட்டால் டோம்பிவிலி ஸ்டேஷன் மேம்பாலத்தில் நமக்கென்று தனி நடை கிடையாது. கூட்டம் இறங்குகிற வேகம்தான் நம் வேகம். என் அக்கா இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் படிகளில் இறங்குகிறாள். ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நவராத்திரியை ஒட்டி எனக்கும் அந்தப் பக்கம் சில வாரங்கள் வேலை இருந்தது. அக்கா வீட்டிலேயே தங்கி, அவளோடு தினமும் லோக்கலில் போய் வந்தேன். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே வருடக்கணக்கில் மின்சார ரயிலில் அலைந்தவள் நான். அதனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததைவிட உள்ளே பார்த்ததே அதிகம். எங்கே நிற்கிறார்கள், எப்படி உட்காருகிறார்கள், யாருக்கு யார் இடம் விடுகிறார்கள் என்பதிலேயே என் கண் இருந்தது.

மும்பை லோக்கலில் தினமும் 70 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் போகிறார்கள் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அத்தனை பேரும் எங்கே நிற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள் என்பது நேரில் பார்த்தால்தான் தெரிகிறது. அக்காவுக்குப் பிளாட்பாரத்தில் ஒரு தூண் உண்டு. அதிலிருந்து நாலடி தள்ளி நின்றால் பெண்கள் பெட்டியின் வாசல் நேர் எதிரே வந்து நிற்கும். ஆனால் இண்டிகேட்டரைப் பார்க்காமல் அங்கே போய் நிற்க மாட்டாள். மணி, ஸ்லோவா ஃபாஸ்டா, பெட்டி 12ஆ 15ஆ, இந்த மூன்றையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். 15 பெட்டி வண்டி என்றால் பெண்கள் பெட்டி நிற்கும் இடம் மாறிவிடும், தூணும் மாறும்.

"பையை முன்னாடி மாட்டிக்கோ. துப்பட்டாவை முடிச்சுப் போடு. செருப்பு வாரைப் பாத்துக்கோ. அப்புறம் பேசலாம்" என்றாள் முதல் நாள். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். சுற்றிலும் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நின்றிருந்தார்கள்.

கர்ஜத்திலிருந்தும் கசாராவிலிருந்தும் பத்லாபூரிலிருந்தும் வருகிற ஃபாஸ்ட் வண்டிகள் டோம்பிவிலிக்கு வரும்போதே வாசல்வரை நிறைந்திருக்கும். தொலைவிலிருந்து வருகிறவர்கள் வாசலை விட்டு நகரவும் மாட்டார்கள். அதனால் டோம்பிவிலியிலேயே புறப்படுகிற வண்டிதான் இந்த ஊர்க்காரர்களின் வண்டி. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த வண்டி காலியாக வந்து நிற்பதில்லை. மும்பைப் பக்கம் இருக்கிற திவாவில் ஏறுகிறவர்கள், வண்டி மும்பையிலிருந்து டோம்பிவிலிக்கு வரும்போதே எதிர்த்திசையில் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, இறங்காமல் திரும்பிப் போவார்கள். அதே மாதிரி டோம்பிவிலிக்காரர்களில் சிலர் கல்யாண்வரை பின்னால் போய், அங்கே புறப்படுகிற வண்டியில் உட்கார்ந்து வருவார்கள். அரை மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகலாம். முழங்கால் வலி இருக்கிற பெண்களுக்கு இது சௌகரியம் மட்டுமில்லை. வேலையை விடாமல் இருக்க இதுதான் வழி. எங்கள் பெட்டியில் அப்படி வருகிற ஓர் அம்மாள் இருந்தார். ரிட்டயர் ஆக இன்னும் சில மாதங்கள்தான் என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்தோத்திரப் புத்தகத்தை முடிப்பார், பிறகு கண்ணை மூடிக்கொள்வார். அவர் எழும் ஸ்டேஷன்வரை யாரும் அவர் தோளைத் தொட மாட்டார்கள்.

இந்த ஊர்ப் பெயரைத் தமிழ்நாட்டில் பலருக்கு ஒரு படத்தின் வழியாகத்தான் தெரியும். நிஷிகாந்த் காமத் 2005இல் எடுத்த மராத்திப் படம் 'டோம்பிவிலி ஃபாஸ்ட்'. அவரே அதை மாதவனை வைத்துத் தமிழில் 'எவனோ ஒருவன்' என்று எடுத்தார். தினமும் அலுவலகம் போய் வருகிற ஒரு சாதாரண மனிதன் ஒருநாள் பொறுமை இழக்கிற கதை. அக்காவுக்கு அந்தப் படம் பிடிக்கும். "கோவம் வராதுன்னு சொல்லலை. ஆனா தினம் இந்த வண்டியில வரவங்க கோவப்படாம இருக்கறதுக்கு எவ்வளவு பண்றாங்கன்னு யாராவது படம் எடுக்கணும்" என்றாள்.

மும்ப்ரா

திவா தாண்டியதும் வலது பக்கம் உல்ஹாஸ் நதி கழிமுகமாக விரிகிறது. சேறும் அலையாத்திச் செடியும் பழுப்புத் தண்ணீருமாக இருக்கும். இடது பக்கம் பார்சிக் மலை. மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்ததால் மலை முழுக்கப் பச்சை. சில இடங்களில் பாறைமேல் இன்னும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மலைமேல் மும்ப்ரா தேவி கோயில் தெரியும். நவராத்திரியில் அந்தப் படிகளில் விடியற்காலையிலிருந்தே ஆட்கள் ஏறுவார்கள். வண்டி அந்த வளைவில் திரும்பும்போது பேச்சு அரை நிமிடம் நிற்கும். கைகள் நெஞ்சுக்குப் போகும், அடுத்த நொடி விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். பல்லாவரம் மலையையும் திரிசூலத்தையும் தினமும் கடந்தும் நான் அப்படிக் கை எடுத்ததில்லை. மறுபடி சென்னைக்கு வந்த பிறகு திரிசூலம் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

இதே வளைவில்தான் 2025 ஜூன் 9ஆம் தேதி காலை எதிரெதிரே போன இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உரசித் தண்டவாளத்தில் விழுந்தார்கள். உயிர்கள் போயின. அதற்குப் பிறகு, ஏ.சி. இல்லாத வண்டிகளிலும் தானாக மூடும் கதவு வரும் என்று ரயில்வே அறிவித்தது. அந்த இடத்தைக் கடக்கும்போது, வாசலோரம் நிற்கிற கல்லூரிப் பெண்களை உள்ளே இருக்கிறவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். "அந்தர் ஆ, பேட்டி" (உள்ளே வா, மகளே) என்பார்கள். உள்ளே இடம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. முதலில் இழுப்பார்கள், இடம் பிறகு உண்டாகும்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மும்பை மக்கள் எதையும் தாங்குவார்கள் என்று புகழ்கிற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. அக்காவும் அவள் சிநேகிதிகளும் கண்டுபிடித்து வைத்திருக்கிற உத்திகள் ஒவ்வொன்றையும் நான் வியந்து பார்த்தேன். ஆனால் அந்த உத்திகளில் பாதி, வண்டி போதாததால் பிறந்தவை. அவர்களுடைய சாமர்த்தியத்தைக் காட்டி, போடாத வண்டிக்குச் சமாதானம் சொல்லக் கூடாது. உட்கார்ந்து போக இடம் கிடைத்தால் அவர்கள் இதைவிட அழகான காரியங்களைச் செய்வார்கள். உட்கார இடம் கிடைத்த அந்தச் சில ஸ்டேஷன்களுக்குள் அவர்கள் செய்ததைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

தாணே முதல் காட்கோபர் வரை

தாணேயில் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தபோது, இந்தத் தடத்தின் வயது நினைவுக்கு வந்தது. 1853 ஏப்ரல் 16 அன்று மும்பையின் போரி பந்தரிலிருந்து இந்தத் தாணேவரைதான் நாட்டின் முதல் பயணிகள் ரயில் வந்தது. 34 கிலோமீட்டர் தூரம், 14 பெட்டிகள். இழுத்தவை மூன்று என்ஜின்கள்: சாஹிப், சிந்து, சுல்தான். அன்று ஏறியவர்கள் ஏறத்தாழ 400 பேர். இன்றைக்கு ஒரு லோக்கலின் இரண்டு பெட்டிகளுக்கு அந்த எண்ணிக்கை போதாது.

மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருவர் உட்காரும் வழக்கம் சென்னையிலும் உண்டு. "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்று நாமும் கேட்கிறோம். இங்கே அது தயவு இல்லை, உரிமை. 'சௌத்தி சீட்', நாலாவது சீட் என்றே அதற்குப் பெயர். அந்த இடத்துக்கு வருகிறவர் பாதி இடுப்பைத்தான் பலகையில் வைக்க முடியும். இன்னொரு பாதி நடைபாதையில், ஒரு காலை ஊன்றிய பலத்தில் நிற்கும். ஆனாலும் நாலாவது சீட்டைக் கேட்டவருக்கு யாரும் மறுத்ததை நான் பார்க்கவில்லை. "தோடா சர்க்கோ" என்ற குரல் கேட்டதும் மூன்று பேரும் தலை நிமிராமலேயே நகர்வார்கள். செல்போனில் தொடர் பார்க்கிறவர் தொடரை நிறுத்துவதில்லை; நகர்வது மட்டும் நடக்கும். சில ஸ்டேஷன் தள்ளி முதல் ஆள் எழுந்து, "இப்ப நீ நல்லா உக்காரு" என்று நாலாவது ஆளை உள்ளே தள்ளிவிட்டுத் தான் வெளியோரம் உட்காருவதும் உண்டு. யார் எவ்வளவு நேரம் பாதி உட்கார்ந்தார்கள் என்ற கணக்கு அவர்கள் உடம்பில் இருக்கிறது.

அதைவிட நுட்பமானது சீட் சொல்லி வைப்பது. பெட்டிக்குள் நுழைந்ததும் அக்கா உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துக் கேட்பாள்: "ஆப் கஹாங்?"

"குர்லா."

"கிசீனே போலா?"

யாராவது சொல்லி வைத்திருக்கிறார்களா என்று கேள்வி. இல்லை என்று தலையசைத்தால் அந்த சீட் குர்லாவிலிருந்து அக்காவுடையது. அவள் அந்தப் பெண்ணின் முழங்காலுக்கு நேர் எதிரே நின்றுகொள்வாள். பிறகு வருகிறவர் அக்காவிடம் கேட்பார், "நீங்க எங்கே?" "சி.எஸ்.எம்.டி." என்று கடைசி ஸ்டேஷனைச் சொன்னதும் அவர் வேறு ஆளைத் தேடிப் போவார். எழுதாத ரிசர்வேஷன்தான் இது. ஆனாலும் சீட் காலியாகும்போது சொல்லி வைத்தவரைத் தாண்டி யாரும் உட்கார மாட்டார்கள். சொல்லி வைத்த ஆள் கூட்டத்தில் சற்றுத் தள்ளி மாட்டிக்கொண்டால், எழுந்தவரே சீட்டின்மேல் கையை ஊன்றிக் காத்திருந்து, அவர் வந்த பிறகுதான் இறங்கப் போவார். சண்டை வராமல் இல்லை. வந்தால் பெட்டி முழுவதும் சாட்சி சொல்லும், இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். நம் தாம்பரம் வண்டியில் சீட் காலியானால் பக்கத்தில் நிற்கிறவர் உட்காருகிறார், அவ்வளவுதான். அங்கே அரை மணி நேரத்தில் பீச் வந்துவிடுகிற பலருக்கு அது போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறவர்களுக்கு இங்கே இருக்கிற நியாயம் தேவைப்படுகிறது.

உட்கார்ந்தபின் பெட்டி வேறு ஒன்றாகிவிடுகிறது. முலுண்டுக்கும் காட்கோபருக்கும் நடுவே டிபன் டப்பாக்கள் திறக்கும். நவராத்திரி என்பதால் பாதிப் பேர் உபவாசம். மராத்திக்காரர்களின் உபவாசத்தில் ஜவ்வரிசி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. அரிசியும் பருப்பும் பயறும் கிடையாது. அக்கா வீட்டுக் கொலுவுக்குச் செய்கிற சுண்டலை ஒரு டப்பா ரயிலுக்கும் எடுத்துக்கொண்டு வருவாள். கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பயறு என்று தினமும் ஒன்று. உபவாசக்காரர்கள் அதைத் தொட முடியாதே என்று அவர்களுக்காகத் தனி டப்பாவில் வேர்க்கடலைச் சுண்டல். அதில் கடுகும் பெருங்காயமும் உளுத்தம்பருப்பும் போட மாட்டாள். நெய்யில் சீரகமும் பச்சை மிளகாயும் தாளித்து, வேகவைத்த கடலையைப் புரட்டி, தேங்காய் துருவிப் போட்டிருப்பாள். தாணேயில் ஏறுகிற ஒரு வங்கி ஊழியர், "தாயி, ஆஜ் சுண்டல்?" என்று கேட்டுக்கொண்டே வருவார். பதிலுக்கு அவருடைய டப்பாவிலிருந்து சாபுதானா கிச்சடி வரும். ஒரே ஸ்பூன், ஐந்து கை. ஸ்பூன் கிடைக்காதவர்களுக்குக் கையிலேயே ஒரு பிடி.

நிறங்களைச் சொல்லாமல் விட முடியாது. நவராத்திரியின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம், கிழமையைப் பொறுத்து வரும். திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் கருநீலம், வியாழன் மஞ்சள், வெள்ளி பச்சை. ஒரு மராத்தி நாளிதழ் சுமார் இருபது வருடத்துக்கு முன் பரப்பிய வழக்கம் இன்று மும்பை முழுவதும் பரவியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை டோம்பிவிலி மேம்பாலத்தின்மேல் நின்று கீழே பார்த்தேன். பிளாட்பாரம் நெடுகப் பெண்கள் பெட்டி நிற்கும் இடங்களில் மட்டும் சிவப்பு. பைத்தானிப் பட்டு கட்டிய மேனேஜரும், மங்கிய காட்டன் சேலையில் வீட்டு வேலைக்குப் போகிறவரும் ஒரே நிறத்தில் நின்றார்கள். யாருக்கு என்ன சம்பளம் என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. நம் ஊரில் நவராத்திரி வீட்டுக்குள் நடக்கிறது, படிகட்டி, விளக்கேற்றி, அழைத்தவர்கள் வந்து போக. இங்கே வீட்டில் உட்காரவே நேரமில்லாதவர்கள் பண்டிகையை வண்டிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

விற்பனைக்காரர்கள் ஏறுவதும் இந்த நேரத்தில்தான். கம்பி வளையம் முழுக்கத் தோடுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் வருவார். அவர் எங்கேயும் கூவுவதில்லை. வளையத்தை மேலே மாட்டிவிட்டுச் சும்மா நிற்பார். அன்றைய நிறத்துக்கு ஏற்ற தோடுதான் முன்வரிசையில் இருக்கும். ஒருத்தி ஒரு ஜோடியைக் காதில் வைத்து, எதிரே இருக்கிற முன்பின் தெரியாத பெண்ணிடம், "எப்படி இருக்கு?" என்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவாள். அந்தப் பெண் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு நிதானமாகப் பார்த்து, "இதைவிட அந்தச் சின்னது" என்பாள். கண்ணாடி இல்லாத பெட்டியில் எதிர் சீட்டுக்காரிதான் கண்ணாடி.

பெண்களுக்குப் பெட்டி மட்டுமில்லை, முழு வண்டியே உண்டு. 1992 மே 5 அன்று சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் நடுவே மேற்கு ரயில்வே பெண்களுக்கென்றே ஒரு முழு வண்டியை விட்டது. பிறகு இந்தத் தடத்துக்கும் அப்படி வண்டிகள் வந்தன. அந்த வண்டியைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே வீட்டில் சமையல் நேரத்தை மாற்றிக்கொண்ட பெண்களை அக்காவுக்குத் தெரியும்.

குர்லா, பிறகு மாட்டுங்கா

குர்லாவில் இன்னொரு லோக்கல் தடமான ஹார்பர் லைன் வந்து சேருகிறது. 1925 பிப்ரவரி 3இல் இந்தியாவின் முதல் மின்சார ரயில், இன்று சி.எஸ்.எம்.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸிலிருந்து இந்தக் குர்லாவுக்குத்தான் ஓடியது. சென்னையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதைக்கு மின்சாரம் வந்தது 1931இல். ஆறு வருட இடைவெளியில் பிறந்த இந்த இரண்டு தடங்களும் இரண்டு ஊர்களையும் நீட்டி வளர்த்தன. தாம்பரத்தில் மனை வாங்க என் அப்பாவுக்கும், டோம்பிவிலியில் வீடு வாங்க அக்காவுக்கும் தைரியம் தந்தது ரயில்தான்.

குர்லா தாண்டியதும் இறங்குகிறவர்களின் வேலை தொடங்குகிறது. முன்னால் நிற்பவரின் தோளை லேசாகத் தொட்டு, "தாதர்?" என்று ஒரே சொல். ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே நிற்கலாம். இல்லை என்றால் இருவரும் அந்த நெரிசலிலேயே உடம்பைத் திருப்பி இடம் மாற்றிக்கொள்வார்கள். சயான் வருவதற்குள் யார் இறங்குவது, யார் ஒதுங்குவது என்பது வாசலிலிருந்து உள்ளேவரை வரிசையாகிவிடும். எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம். புதிதாக வந்த பெண் எதிர்வாசலில் நின்றால், கேட்காமலேயே நாலு குரல் அவளைத் திருப்பிவிடும்.

ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது. ஒரு சனிக்கிழமை, அவசரமில்லாத நாள், நாங்கள் ஸ்லோ பிடித்து அங்கே இறங்கினோம். ஸ்டேஷன் மாஸ்டரிலிருந்து டிக்கெட் கவுன்டர், காவல்வரை பெண்களே நடத்தும் ஸ்டேஷன் என்று 2017இல் பெயர் பெற்றது இது. வெளியே வந்தால் எதிரிலேயே ராமா நாயக் 1942இல் தொடங்கிய உடுப்பி சாப்பாட்டுக் கடை. வாழை இலை போட்டு, ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். தெருவில் கொஞ்சம் நடந்தால் தொடுத்த மல்லிகையும் கதம்பமும், பக்கத்தில் வாழைப்பூவும் முருங்கையும் வெற்றிலையும். கொலுப் பொம்மைகளைக் கூடையில் வைத்து விற்ற ஒருவர், "செட்டியார் பொம்மை வேணுமாம்மா?" என்று தமிழில் கேட்டார். தலைமுறைகளாக இங்கே இருக்கிற தமிழர்களுக்கு இது சொந்தத் தெரு. டோம்பிவிலிக்கும் பத்லாபூருக்கும் வீடு மாற்றிப் போனவர்கள்கூட நவராத்திரிக்கும் ஆவணி அவிட்டத்துக்கும் சாமான் வாங்க இங்கேதான் வருகிறார்கள். அக்கா மரப்பாச்சிக்குச் சட்டை வாங்கினாள். நான் வெற்றிலை வாங்கினேன். தாம்பூலம் கொடுக்கும் பட்டியலில் ரயில் சிநேகிதிகளும் இருந்தார்கள்.

தாதர்

தாதரில் மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் கைகோர்க்கின்றன. பிளாட்பார எண்கள் இரண்டு பக்கமும் ஒன்றிலிருந்து தொடங்கிக் குழப்பிக்கொண்டிருந்தன. 2023 டிசம்பரில் ஒரே வரிசையாக 1 முதல் 14 வரை மாற்றினார்கள். அக்கா இன்னமும் பழைய எண்ணில்தான் நினைக்கிறாள்.

ஸ்டேஷனுக்கு மேற்கே பூச்சந்தை. தசரா நெருங்க நெருங்கச் சாமந்தி மலையாகக் குவிந்தது. சாமந்தி மூட்டைகளோடு பெண்கள் வண்டியில் ஏறுவதைத் தினமும் பார்த்தேன். தசராவுக்கு விடுமுறை என்பதால் அதற்கு முந்தின வேலை நாளிலேயே பெட்டிக்குப் பூஜை. எல்லோரும் பணம் போட்டு வாங்கிய சாமந்தியும் மாவிலையும் சேர்ந்த தோரணத்தை, முதல் ஆட்களாக ஏறியவர்கள் கைப்பிடிக் கம்பிகளில் கட்டினார்கள். ஒரு சீட்டின் மூலையில் துர்க்கை படம், ஊதுபத்தி கொளுத்தாமல் பூ மட்டும். ஆரத்திப் பாட்டு எழுந்தது, கைதட்டலே தாளம். சில பெட்டிகள் தள்ளி ஆண்கள் பெட்டியில் ஒரு பஜனைக் கோஷ்டி தினமும் டோலக்கும் ஜால்ராவுமாக வருகிறது. அன்றைக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்தப் பாட்டும் இந்தப் பாட்டும் பிளாட்பாரத்தில் கலந்தன. நாலாவது சீட்டில் தினமும் பாதி உட்கார்ந்து வந்த ஒரு நர்ஸ் பெண்ணை அன்று ஜன்னலோரம் உட்காரவைத்து, முதல் பேடாவை அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் கிறிஸ்தவப் பெண். வேலைக்குப் போகும் நாளெல்லாம் இந்தப் பெட்டியைத்தான் தேடி ஏறுவாளாம்.

தாதரில் இறங்கி வேறு தடம் மாறுகிறவர்களின் காலை உணவு பெரும்பாலும் வடாபாவ். 1966இல் இதே ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர்தான் அதை விற்கத் தொடங்கினார் என்று மும்பையில் சொல்வார்கள். நின்றுகொண்டே ஒரு கையால் சாப்பிடலாம், எண்ணெய் பேப்பரோடு போய்விடும், அடுத்த வண்டிக்குள் முடிந்துவிடும். ரயில் பிடிக்கிறவர்களுக்காகவே அளவெடுத்த சாப்பாடு அது. பூண்டுச் சட்னிப் பொடியும் பொரித்த பச்சை மிளகாயும் சேர்த்துக் கடித்தால் காது சூடாகிறது. சென்னையில் பார்க் ஸ்டேஷனில் இறங்கிச் சமோசா சாப்பிட்ட நாட்களில் எனக்கு இந்தக் காரம் கிடைத்ததில்லை.

சி.எஸ்.எம்.டி.

பைகுலா தாண்டினால் பெட்டி தளர்கிறது. நிற்கிறவர்களுக்கு நடுவே காற்று வருகிறது. சீப்பு வெளியே வரும், நெற்றிப்பொட்டு சரியாகும், ரயில் செருப்பு பைக்குள் போய் ஆபீஸ் செருப்பு காலுக்கு வரும். சுற்றாமல் நின்றுபோன மின்விசிறியின் இறக்கையை, தலைவாரிய அதே சீப்பால் ஒருத்தி கம்பிக்குள் விட்டுத் தள்ளிவிட்டாள். அது ஓடத் தொடங்கியது.

ஃப்ரெடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வரைந்து, பத்து வருட வேலைக்குப் பின் 1888இல் முடிந்த கட்டடம் இந்த ஸ்டேஷன். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லில் குரங்கும் மயிலும் இலையும் செதுக்கிய தூண்களுக்குக் கீழே கூட்டம் நேராகப் பார்த்துக்கொண்டே போகும். நான் நின்று அண்ணாந்து பார்த்தால் அக்கா காத்திருப்பாள். "சாயந்திரம் பாக்கலாம், அப்பதான் வெளிச்சம் நல்லா விழும்" என்பாள். சாயந்திரம் வெளிச்சம் உண்மையிலேயே நன்றாக விழுந்தது. ஆனால் சாயந்திரம் இண்டிகேட்டரைப் பார்க்க வேண்டியிருந்தது.

திரும்பும் வண்டிகளுக்கு எழுத்துக் குறிகள். கே என்றால் கல்யாண், டி.எல். என்றால் டோம்பிவிலி, டி என்றால் தாணே, பி.எல். என்றால் பத்லாபூர். தென்கிழக்கே போகிற கர்ஜத் வண்டிக்கு எஸ், வடகிழக்கே போகிற கசாரா வண்டிக்கு என். டி.எல். விழுந்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி மட்டும் கலைந்து நகரும். காலையில் திவாக்காரர்கள் செய்ததை மாலையில், சி.எஸ்.எம்.டி.க்கு முந்தின ஸ்டேஷனான மஸ்ஜிதில் ஏறுகிறவர்கள் செய்வார்கள். மும்பையை நோக்கி வருகிற வண்டியில் ஏறி, உட்கார்ந்தபடி சி.எஸ்.எம்.டி. வந்து, அதே சீட்டில் திரும்புவார்கள். அக்கா அவர்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டாள். "அவங்க நடந்து வந்திருக்காங்க, நேரம் குடுத்திருக்காங்க, உக்காரட்டும்" என்பாள்.

மறுபடி டோம்பிவிலி

மாலை வண்டியில் பேச்சு குறைவு, கை வேலை அதிகம். தாதரில் ஏறிய ஒருத்தி இரண்டு கட்டு வெந்தயக்கீரையை மடியில் செய்தித்தாள் விரித்து ஆய ஆரம்பித்தாள். காம்பை இரண்டு விரலால் பிடித்து, இலையை அடியிலிருந்து மேலாக உருவினாள். முற்றிய காம்பு ஒரு பக்கம், இளசு இன்னொரு பக்கம். ஒரு கட்டு அவள் முடிப்பதற்குள் அடுத்த கட்டை எதிர் சீட்டுப் பெண் கேட்காமலேயே எடுத்துக்கொண்டாள். அக்கா தன் பையிலிருந்து பூண்டை எடுத்தாள். பட்டாணி உரிக்கிற கை ஒன்று. தூக்கம் தாங்காமல் பக்கத்துத் தோளில் சாய்ந்த தலை ஒன்று. அந்தத் தோள் கீரை ஆய்ந்துகொண்டே அசையாமல் இருந்தது. காட்கோபருக்கும் தாணேக்கும் நடுவே அடுத்த வேளைக் காய்கறி முழுவதும் தயார். வீட்டில் அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணி நேரத்தை என்ன செய்வாய் என்று கேட்டேன். "பொண்ணுக்குக் கணக்குச் சொல்லித் தருவேன்" என்றாள் கீரைக்காரப் பெண், இந்தியில். "எனக்குக் கொஞ்சம் டி.வி." என்றாள் பட்டாணிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

சென்னை வண்டியில் இதே கைகள் பூத் தொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பல்லாவரத்தில் ஏறுகிற பூக்காரம்மா உதிரிப்பூவையும் நாரையும் வைத்து எழும்பூர் வருவதற்குள் மூன்று முழம் கட்டிவிடுவார். அது அவருக்கு வியாபாரம். இங்கே பார்த்தது குடும்பத்தின் சமையல், பெட்டி முழுவதும் பங்கு போட்டுச் செய்தது.

டோம்பிவிலியில் இறங்கி வெளியே வந்தால் போளி–பாஜி கேந்திரங்கள். சூடான சப்பாத்தியும் கறியும் எடைக்கும் எண்ணிக்கைக்கும் கட்டித் தருகிற சின்னக் கடைகள். வேலைக்குப் போகிற பெண்கள் நிறைந்த இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, பலவற்றை நடத்துகிறவர்களும் பெண்கள்தான். அன்றைக்கு அக்கா இருபது சப்பாத்தி வாங்கினாள். வீட்டில் கொலுவுக்கு ரயில் சிநேகிதிகள் வருகிற நாள்.

எட்டரை மணிக்கு வந்தார்கள். வங்கி ஊழியர், நர்ஸ் பெண், தோடு விற்கிறவர், ரிட்டயர் ஆகப்போகிற அம்மாள், இன்னும் இரண்டு பேர். படிகளைப் பார்த்து ஒவ்வொரு பொம்மைக்கும் கதை கேட்டார்கள். தோடு விற்கிறவர் மரப்பாச்சியைக் கையில் எடுத்து, பையிலிருந்து மிகச் சின்ன முத்துத் தோடு ஒன்றைத் தேடி அதன் காதுப் பக்கம் வைத்துப் பார்த்தார். சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்ததும் நர்ஸ் பெண் கீழே உட்காரப் போனாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்து இடம் விட்டார்கள். வெற்றிலை பாக்கோடு தேங்காயை வாங்கிக்கொண்டு செருப்பைப் போடும்போது, ரிட்டயர் ஆகப்போகிற அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு மஞ்சள். உங்கிட்ட மஞ்சள் புடவை இருக்கா? இல்லேன்னா காலையில வண்டிக்கு எடுத்துண்டு வரேன், துப்பட்டாவா போட்டுக்கோ. தூணுக்கிட்டயே நில்லு."